முட்டைக்கோழிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தபின் முட்டையைச் சாப்பிடலாமா?

அன்பார்ந்த வாசகருக்கு, வணக்கம்.

வீட்டின் பின்புறத்தில் 14 முட்டைக்கோழிகளை வளர்த்து வருவதாகவும், சில வாரங்களாக முட்டை குறைந்து, இரண்டு கோழிகளின் கொண்டை வெளுத்துப் போயிருப்பதாகவும், காலையில் கூண்டைத் திறக்கும்போது எச்சத்தில் சேமியா போன்ற வெள்ளைப் புழுக்களைக் கண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதன்பின் ஒரு நாள் உடைத்த முட்டையின் வெள்ளைக் கருவிலேயே அப்படியொரு புழு கிடந்திருக்கிறது. தெரிந்தவர் சொன்னபடி, ஆட்டுக்கு வாங்கி வைத்திருந்த அல்பெண்டசோல் திரவத்தைக் கண்ணளவில் குடிநீரில் கலந்து ஒரு நாள் முழுவதும் வைத்து, இன்றோடு ஐந்து நாள்கள் ஆகின்றன. முட்டையைச் சாப்பிடலாமா, வேகவைத்தால் மருந்து போய்விடுமா, ஏற்கெனவே சாப்பிட்ட குழந்தைகளுக்குப் புழு தொற்றுமா, மாதம் ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டுமா, பூண்டும் பூசணி விதையும் போதாதா என்பவை உங்கள் கேள்விகள்.

உடனடியாகச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து கலந்த நீரைக் கோழிகள் கடைசியாகக் குடித்த நாளிலிருந்து 21 நாள்கள் வரை இடப்படும் முட்டைகளை யாரும் சாப்பிட வேண்டாம். விற்கவும் வேண்டாம், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கவும் வேண்டாம். இதுவரை சாப்பிட்ட முட்டைகளுக்காக அஞ்ச வேண்டியதில்லை. உங்களை அதிகமாகக் கலங்க வைத்திருப்பது முட்டைக்குள் இருந்த புழு என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் மனிதர்களுக்கு அந்தப் புழுவால் ஆபத்தில்லை; கவனிக்க வேண்டியது அதைப் போக்கக் கொடுத்த மருந்தைத்தான்.

நீங்கள் கண்டது பெரும்பாலும் கோழிகளின் சிறுகுடலில் வாழும் பெரிய உருளைப்புழு. அறிவியல் பெயர் அஸ்காரிடியா கல்லி. நன்கு வளர்ந்தது ஏழு சென்டிமீட்டருக்கு மேல், சில வேளைகளில் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் நீளமிருக்கும். கோழியின் குடலும் முட்டைக்குழலும் எச்சத் துவாரத்தில்தான் வந்து சேர்கின்றன. குடலில் புழு மிகுந்திருக்கும்போது எப்போதாவது ஒன்று கீழிறங்கி, திரும்பும் வழியில் முட்டைக்குழலுக்குள் ஏறிவிடுகிறது. அங்கே உருவாகிக்கொண்டிருக்கும் முட்டையின் வெள்ளைக் கரு அதைச் சுற்றிக்கொள்ள, மேலே ஓடும் படிந்துவிடுகிறது. அரிதாக நடப்பதுதான் என்றாலும், பார்த்தவர்களுக்குப் பல நாள் முட்டையே பிடிக்காமல் போய்விடும் என்பதை அறிவேன். இப்புழு மனிதக் குடலில் நிலைத்து வாழும் இனமன்று. மனிதரைப் பிடிக்கும் உருளைப்புழு வேறு இனம். ஆகவே உங்கள் குழந்தைகளுக்கு இந்த முட்டையால் குடற்புழு வராது. மஞ்சள் கருவின் இரு முனைகளிலும் முறுக்கிய வெள்ளை நூல் போல இருப்பது கருவை நடுவில் நிறுத்தி வைக்கும் இயல்பான நார். அதைப் புழுவென்று எண்ணி நல்ல முட்டையைக் கொட்டுவோரும் உண்டு. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது போல விரல் நீளத்தில், இரு முனையும் கூர்மையாக இருந்தால் அது புழுதான். அந்த முட்டையைக் கொட்டியது சரி. அது கோழிக்குடலில் புழு மிகுந்துவிட்டது என்பதற்கான தெளிவான அறிகுறியும்கூட.

இனி மருந்துக்கு வருவோம். கோழி குடித்த மருந்து முட்டைக்குள் எவ்வாறு போகிறது என்பது தெரிந்தால், 21 நாள் ஏன் என்பது விளங்கும். ஒரு முட்டையின் வெள்ளைக் கருவும் ஓடும் சேர்ந்து உருவாக ஒரு நாளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. வெள்ளைக் கரு படிவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம், ஓடு படிவதற்கு இருபது மணி நேரம் போதும். மஞ்சள் கருவின் கதை வேறு. முட்டைப் பையில் சிறியதும் பெரியதுமாகப் பல மஞ்சள் கருக்கள் ஒரே சமயத்தில் வளர்ந்துகொண்டிருக்கும்; ஒவ்வொன்றும் முதிர்ந்து விழுவதற்கு முந்தைய பத்து நாள்களில்தான் மிக வேகமாகப் பருக்கிறது. கல்லீரலில் உருவாகும் கொழுப்பும் புரதமும் இரத்தத்தின் வழியே நாள்தோறும் அதில் அடுக்கடுக்காகப் படிகின்றன. அந்த நாள்களில் இரத்தத்தில் மருந்து இருந்தால், கொழுப்பில் கரையும் மருந்தாக இருப்பின் குறிப்பாக, அன்றைய அடுக்கோடு அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. மருந்து கொடுத்த அன்று மிகச் சிறிதாக இருந்த கரு, பத்து நாள் கழித்து முட்டையாக உங்கள் கைக்கு வரும்போது அந்த மருந்தின் மிச்சத்தையும் கொண்டுவருகிறது. எனவே கோழியின் உடலிலிருந்து மருந்து முற்றிலும் நீங்க ஆகும் நாள்களோடு, அதன்பின் ஒரு மஞ்சள் கரு முழுவதும் புதிதாக வளர ஆகும் நாள்களையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். மருந்து கொடுத்து நான்கைந்து நாள் ஆகிவிட்டது, இனிச் சாப்பிடலாம் என்று பலர் சொல்லும் வழக்கம் இந்தக் கணக்கில் தவறிவிடுகிறது.

இவ்வாறு காத்திருக்க வேண்டிய நாள்களை விலக்குக் காலம் என்கிறோம். இதில் பலரும் தடுமாறுவது ஓரிடத்தில்தான்: விலக்குக் காலம் மருந்தின் பெயருக்கு உரியது என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது குறிப்பிட்ட ஒரு தயாரிப்பு, குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட இன விலங்குக்குக் கொடுக்கப்படும்போது மட்டுமே பொருந்தும். ஃபென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்தை எடுத்துக்காட்டாகப் பாருங்கள். முட்டைக்கோழிகளுக்கென்றே செய்யப்பட்ட, நீரில் சீராகக் கலந்து நிற்கும் ஃபென்பென்டசோல் திரவம் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றிருக்கிறது; ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 மி.கி. வீதம் தொடர்ந்து 5 நாள் குடிநீரில் கொடுத்தால், முட்டைக்கு விலக்குக் காலம் பூஜ்யம். அதாவது மருந்து கொடுக்கும் நாள்களிலேயே முட்டையைச் சாப்பிடலாம். முட்டைக்குள் மருந்து போவதே இல்லை என்பதால் அப்படிச் சொல்லவில்லை. போகும் அளவு, ஆராய்ந்து வகுக்கப்பட்ட வரம்புக்குள் நிற்கிறது என்பதால்தான் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டைக்கு அந்த வரம்பு கிலோவுக்கு 1,300 மைக்ரோகிராம். தீவனத்தில் கலந்து 7 நாள் கொடுக்கப்படும் ஃபுளூபெண்டசோலுக்கும் அங்கே முட்டைக்கு வரம்பு உண்டு. அது கிலோவுக்கு 400 மைக்ரோகிராம். அந்த மருந்தையும் உரிய அளவில் கொடுத்தால் முட்டையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆடு மாடுகளுக்கான ஃபென்பென்டசோலை வாங்கி, அதைப்போல ஐந்து மடங்கோ பத்து மடங்கோ கொடுத்துவிட்டு, ஃபென்பென்டசோல்தானே, பூஜ்யம் நாள்தானே என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நீங்கள் கொடுத்த அல்பெண்டசோலின் நிலை இதைவிடத் தெளிவற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அசைபோடும் விலங்குகளுக்கு மட்டுமே வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது, முட்டைக்கு இல்லை. முட்டைக்கோழிக்கு அனுமதியில்லாத மருந்தைத் தவிர்க்க முடியாத நிலையில் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போது முட்டையைக் குறைந்தது 10 நாள் ஒதுக்க வேண்டும் என்று, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள அங்குள்ள சட்டம் சொல்கிறது. அது மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்துக்கான குறைந்தபட்சம். நீங்கள் கண்ணளவில் ஊற்றியிருக்கிறீர்கள். அந்தத் திரவம் நீரில் கரையாது, சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். கூட்டத்தில் வலுத்த கோழி முதலில் வந்து நிறையக் குடிக்கும், நலிந்தது கடைசியில் மேல்நீரைக் குடிக்கும். ஒன்றுக்கு அளவுக்கு மீறியும் மற்றொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லாமலும் போயிருக்கலாம். அதனால்தான் பத்து நாளை இரட்டித்து, ஒரு நாள் கூட்டி 21 என்றேன். இது எந்தப் புட்டியிலும் அச்சிட்ட எண் அன்று. மஞ்சள் கருவின் வளர்ச்சியையும் உங்கள் அளவின் நிச்சயமின்மையையும் வைத்து நான் சொல்லும் எச்சரிக்கையான அறிவுரை. புட்டியை நேரில் பார்க்கும் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் இதைவிடக் கூடுதலான நாள்களைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வேகவைப்பதோ பொரிப்பதோ இந்த மருந்துகளை நம்பத்தக்க அளவில் அழிப்பதில்லை. சமையலின் சூடு நுண்ணுயிரிகளைக் கொல்லும். மருந்துக்கு அது தீர்வாகாது.

ஏற்கெனவே சாப்பிட்டதைப் பற்றி ஏன் அஞ்ச வேண்டாம் என்கிறேன் என்றால், அல்பெண்டசோல் மனிதர்களுக்கும் குடற்புழு மருந்தாகவே கொடுக்கப்படுகிறது; பெரியவர்களுக்கு ஒருவேளை அளவு 400 மி.கி. உங்கள் கோழி ஒன்று சுமார் 1.8 கிலோ எடையிருந்து, கிலோவுக்கு 10 மி.கி. வீதம் குடித்திருந்தால்கூட அதன் உடலுக்குள் மொத்தமாகச் சென்றது 18 மி.கி.தான், அதில் ஒரு சிறு பகுதியே ஒரு முட்டைக்குள் போகும். ஆகவே இரண்டு மூன்று முட்டைகளால் உடனடித் தீங்கு நேரும் என்று கருத இடமில்லை. ஆனாலும் மருந்தாக அறிந்து ஒருமுறை விழுங்குவதும், உணவில் கலந்திருப்பது தெரியாமல் நாள்தோறும் உண்பதும் ஒன்றாகா. குறிப்பாக இவ்வகை மருந்துகள் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை என்பது விலங்குகளில் உறுதியாகியிருக்கிறது. வீட்டில் கருவுற்ற பெண்கள் இருந்தால் இந்த 21 நாள் விதியில் எள்ளளவும் தளர்வு வேண்டாம். அவர்கள் மருந்தைக் கலக்கவோ, மருந்து கொடுத்த நாள்களில் கூண்டைச் சுத்தம் செய்யவோ வேண்டாம். யாராவது தவறிச் சாப்பிட்டிருந்தால் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஒதுக்கிய முட்டைகளைக் கோழிகளுக்கே திருப்பிக் கொடுக்காதீர்கள். மருந்து மீண்டும் அதே சுற்றில் போகும். அடையும் வைக்க வேண்டாம், குஞ்சின் கருவும் கருதான். நாய் பூனை தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். முதல் நாளே நாள்காட்டியில் கடைசித் தேதியை வட்டமிட்டு வைத்தால், வீட்டில் யாரும் கணக்கு மறந்து முட்டையை எடுத்துவிட மாட்டார்கள்.

மற்ற மருந்துகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அடுத்த முறை வேறொருவர் வேறொன்றைச் சொல்வார். பைப்பரசின் பெரிய உருளைப்புழுவில் வளர்ந்தவற்றை மட்டும் வெளியேற்றும். முடி போன்ற மெல்லிய புழுவையோ நாடாப்புழுவையோ ஒன்றும் செய்யாது. லெவமிசோல் உருளைப்புழு வகைகளில் நன்கு வேலை செய்யும், ஆனால் முட்டைக்கோழிக்கு அது பல இடங்களில் அனுமதிக்கப்படவில்லை. ஐவர்மெக்டின் வேண்டவே வேண்டாம். இந்த உருளைப்புழுவில் அதன் பலன் குறைவு, மஞ்சள் கருவிலோ அது நாள்கணக்கில் தங்குகிறது. எந்த மருந்தானாலும் உங்கள் நாட்டில் முட்டையிடும் கோழிக்கென்று அச்சிட்டிருக்கிறதா என்பதைப் புட்டியில் பார்த்து, அதிலுள்ள அளவையும் விலக்குக் காலத்தையும் எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதே வழி.

இப்போது மறுபடியும் மருந்து கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். அதற்கு முன் எச்சத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். முதல் மருந்து கொடுத்துப் பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள், அதிகாலையில் கூண்டில் புதிதாக விழுந்த எச்சத்திலிருந்து, பல கோழிகளுடையதும் சேரும்படி, பத்து இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டுக் குளிர்ச்சியாக வைத்து அன்றே கால்நடை மருத்துவமனையின் ஆய்வகத்தில் கொடுங்கள். உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு நுண்ணோக்கியில் புழு முட்டைகளை எண்ணிச் சொல்வார்கள்; எளிய பரிசோதனைதான். எண்ணிக்கை குறையவில்லை என்றால் மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை என்றோ, புழுவுக்கு அம்மருந்து பலிக்கவில்லை என்றோ பொருள். எச்சத்தில் நீங்கள் காண்பது நீண்ட புழுவாக இல்லாமல் அரிசிமணி போன்ற தட்டையான துண்டுகளாக இருந்தால், அது நாடாப்புழுவின் கணுக்கள். அதற்கு மேற்சொன்ன அளவில் ஃபென்பென்டசோலை நம்ப முடியாது, வேறு சிகிச்சை தேவை. வெயிலேறிய பின் பழைய எச்சத்தில் நெளிவன பெரும்பாலும் ஈயின் புழுக்கள். எனவே எப்போதும் புதிய எச்சத்தையே பாருங்கள்.

மீண்டும் மருந்து தேவைப்பட்டு, மருத்துவர் கோழிக்கான ஃபென்பென்டசோலை எழுதிக் கொடுத்தால், கணக்கை எப்படிப் போடுவது என்பதையும் சொல்கிறேன். மூன்று நான்கு கோழிகளைப் பையில் போட்டு நிறுத்துச் சராசரி எடை காணுங்கள். 1.8 கிலோ வந்தால் 14 கோழிகளின் மொத்த எடை 25.2 கிலோ, நாளொன்றுக்குத் தேவையான மருந்து 25.2 மி.கி. மட்டுமே. ஒரு மி.லி.யில் 200 மி.கி. மருந்துள்ள திரவமாக இருந்தால் அது 0.13 மி.லி.க்குள் அடங்கிவிடும்! கரண்டியோ மூடியோ இதை அளக்க உதவாது, ஒரு மி.லி. ஊசிக்குழலில்தான் எடுக்க முடியும். அதை அவை சில மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவு நீரில் நன்றாகக் கலந்து, வேறு நீர் எதுவும் எட்டாதபடி செய்து, அவை அதைக் குடித்து முடித்தபின் சாதாரண நீரை வையுங்கள். வலுத்தவை நலிந்தவற்றை விரட்டாமல் இருக்க இரண்டு மூன்று இடங்களில் வைப்பது நல்லது.

பூண்டையும் பூசணி விதையையும் பற்றி: கொடுப்பதில் தீங்கில்லை, கோழிகள் விரும்பியும் தின்னும். ஆனால் குடலில் பெருகிவிட்ட உருளைப்புழுவை இவை வெளியேற்றிவிடும் என்று நம்பி, கொண்டை வெளுத்த கோழியைக் காக்க வைப்பது சரியன்று. அவற்றைத் தீவனமாகக் கருதுங்கள், சிகிச்சையாக வேண்டாம்.

மாதம் ஒருமுறை மருந்து என்பதற்கும் இல்லை என்றே சொல்வேன். நன்கு வளர்ந்த, நன்றாகத் தின்னும் கோழி சில புழுக்களோடு நலமாகவே வாழும். வயது ஏற ஏற அதற்கு எதிர்ப்பாற்றலும் கூடுகிறது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகளும் விடலைகளுமே இப்புழுவால் அதிகம் நலிகின்றன. தேவையில்லாமல் அடிக்கடியும், அரைகுறை அளவிலும் மருந்து கொடுத்தால் அதைத் தாங்கிப் பிழைக்கும் புழுக்களே பெருகும். வான்கோழிகளின் உருளைப்புழு ஃபென்பென்டசோலுக்கே அசையாத நிலை ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சில முறை எச்சத்தைப் பரிசோதித்து, தேவைப்படும்போது சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுப்பதே கோழிக்கும் நல்லது, உங்கள் உணவுக்கும் நல்லது.

மருந்தால் மட்டும் இது தீராது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எச்சத்தோடு வெளியேறும் புழு முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்களில் தொற்றும் நிலையை அடைந்துவிடுகிறது. மாதக்கணக்கில், நிழலான ஈரமண்ணில் அதற்கு மேலும் உயிரோடிருக்கும். கோழி அதைக் கொத்தி விழுங்கினால் ஐந்து முதல் எட்டு வாரங்களில் புதிய புழு வளர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும். இதன் கடினமான ஓட்டைச் சாதாரணக் கிருமிநாசினிகள் துளைப்பதில்லை. வறட்சியும் வெயிலும் கடுஞ்சூடும்தான் அழிக்கின்றன. ஆகவே மருந்து கொடுத்து முடித்த மறுநாளே கூளத்தை முழுவதும் வாரி எடுத்து, தரையைக் காயவிட்டுப் புதுக்கூளம் போடுங்கள். வாரியதைக் கோழிகள் மேயாத இடத்தில் உள்ளே கைவைக்க முடியாத அளவு சூடேறும்படி குவித்து மட்கவிடுங்கள். நீர்த்தொட்டியைச் சுற்றிலும் சேறாகும் இடம்தான் புழு முட்டைக்கு மிக வாய்ப்பான இடம். தொட்டியைக் கல்லின்மேல் உயர்த்தி, அவ்வப்போது இடம் மாற்றுங்கள். தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள். மேய்ச்சல் இடத்தை இரண்டாகத் தடுத்து மாறி மாறித் திறக்க முடிந்தால் இன்னும் நல்லது. குஞ்சுகளைப் பெரிய கோழிகள் மேய்ந்த மண்ணில் விடாதீர்கள்.

இரண்டு கோழிகளின் கொண்டை வெளுத்திருப்பதாகச் சொன்னீர்களே, அவற்றைத் தனியாக எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதையின்றி எலும்பு கத்தி முனைபோல் கைக்குத் தட்டுப்பட்டால் நலிவு முற்றியிருக்கிறது என்று பொருள். இரவில் விளக்கோடு சென்று கூண்டின் கட்டை இடுக்குகளிலும் கோழிகளின் சிறகடியிலும் செவ்வுண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரத்தம் உறிஞ்சும் அச்சிறு பூச்சி கொண்டையை வெளுக்கச் செய்வதும் முட்டையைக் குறைப்பதும் குடற்புழுவைப் போலவே இருக்கும். புழு மருந்து சரியாகக் கொடுத்து இரண்டு வாரமாகியும் எடை ஏறாவிட்டால், அல்லது கழிச்சலில் இரத்தம் தெரிந்தால், அல்லது கோழி ஏதேனும் இறந்துவிட்டால், உடலைக் குளிர்ச்சியாக வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று பிணப்பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குடலைத் திறந்து பார்த்தால் எந்தப் புழு, எவ்வளவு, வேறு நோய் உண்டா என்பவையெல்லாம் தெளிவாகும். மீதமுள்ள கோழிகளுக்கு என்ன மருந்து, எத்தனை நாள் முட்டையை ஒதுக்குவது என்பதையும் அதை வைத்து அவர் எழுதிக் கொடுப்பார்.

அன்புடன்,
கால்நடை மருத்துவர்